திறக்கக் கூடாத அணை

தண்ணீருக்காகக் கொங்கு நாட்டில் நடந்த போராட்டங்களுக்குக் கணக்கில்லை. முறைத்தண்ணீர் விடவில்லை, கடைமடைக்கு வந்து சேரவில்லை, மேலே இருப்பவர்கள் வாய்க்காலில் மோட்டார் வைத்து உறிஞ்சிவிட்டார்கள் என்ற சத்தங்களைக் கேட்டே வளர்ந்த தலைமுறை எங்களுடையது. அணையைத் திற என்பதுதான் எல்லாப் போராட்டங்களுக்கும் பொதுவான குரல். 1990-களின் பிற்பகுதியில் அதற்கு நேர் எதிரான குரல் ஒன்று நொய்யல் கரையிலிருந்து எழுந்தது. சென்னிமலை வட்டாரத்தில், நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் கட்டிய அணையில் தண்ணீர் நிற்கிறது, அதைத் திறந்துவிடாதீர்கள் என்று பாசன உழவர்களே மன்றாடினார்கள், நீதிமன்றப் படியும் ஏறினார்கள். வானம் பார்த்த பூமியில் பிறந்தவர்கள் தண்ணீரை வேண்டாம் என்று சொன்ன காலம் அது. உலகின் நன்னீர்த் தட்டுப்பாட்டைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு வறண்ட ஏரியின் வெடித்த தரை நினைவுக்கு வருவதில்லை, நிறைந்து நின்ற அந்த அணைதான் வருகிறது. தண்ணீர் வற்றுவதால் மட்டும் பஞ்சம் வருவதில்லை, இருக்கிற தண்ணீர் கெடுவதாலும் அதே பஞ்சம் வரும். ஆகவே தண்ணீரைக் கெடாமல் காப்பதே முதல் சேமிப்பு. இதைத்தான் நொய்யலின் கதையை வைத்துச் சொல்ல விரும்புகிறேன்.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாகக் கிழக்கே ஓடி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊரருகே காவிரியில் சேரும் ஆறு இது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கும் சமவெளி என்பதால் ஆண்டு முழுக்க வெள்ளம் புரளும் ஆறாக இது என்றும் இருந்ததில்லை. மலையில் மழை பெய்தால் வரும், சில மாதம் ஓடும், பிறகு மணலுக்கடியில் ஒளிந்துகொள்ளும். அந்தக் குறுகிய வரத்தைப் பிடித்து வைக்கத்தான் முன்னோர்கள் சித்திரைச்சாவடி போன்ற அணைக்கட்டுகளையும், உக்கடம் பெரியகுளம், குறிச்சிக்குளம், சிங்காநல்லூர்க் குளம் என்று ஒன்று நிரம்பி மற்றொன்றுக்கு வழியும் குளங்களின் வரிசையையும் கட்டி வைத்தார்கள். நொய்யலில் குளித்தவர்கள், அதன் மணலில் ஊற்றுத் தோண்டிக் குடிதண்ணீர் எடுத்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். இருபத்தைந்து வயதுக்காரர் ஒருவருக்கு நொய்யல் என்றால் நுரை பொங்கும் சாக்கடை என்பதுதான் பிறந்தது முதல் தெரிந்த உண்மை. அவருக்கு அது இழப்பாகவே தோன்றாது. மூத்தவர்களின் நினைவு இங்கே வெறும் ஏக்கமாக நிற்கவில்லை, ஒரு சாட்சியமாக நிற்கிறது. ஆறு முன்பு எப்படி இருந்தது என்பதைத் தெரிந்தவர்கள் இருக்கும்வரைதான் அது கெட்டுப்போனது என்று சொல்லவே முடியும்.

கெட்ட விதம் தெரியாமல் கெட்டதைப் பற்றிப் பேசிப் பயனில்லை. உள்ளாடை பனியன் தைக்கும் ஊராக இருந்த திருப்பூர், 1980-களில் ஏற்றுமதிச் சந்தைக்குள் நுழைந்தது. வெள்ளைப் பனியனுக்குச் சலவை போதும். வெளிநாட்டுச் சட்டைக்கு நிறம் வேண்டும். நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் ஆற்றோரத்திலும் ஓடைக்கரைகளிலும் முளைத்தன. பருத்தித் துணியில் சாயம் ஏறிப் பிடிக்க வேண்டுமென்றால் சாயத் தொட்டியில் உப்பைக் கொட்ட வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்குப் பல பத்து கிராம் அளவுக்குக்கூட உப்பு போகும். சாயத்தில் பெரும்பகுதி துணியோடு போய்விடுகிறது, உப்பில் ஒரு துளிகூடப் போவதில்லை. அது முழுவதும் கழிவோடு வெளியே வருகிறது. சுண்ணாம்பும் இரும்பு உப்பும் கலந்து கழிவைத் தெளியவைக்கும் பழைய சுத்திகரிப்பு முறை நிறத்தை ஓரளவுக்கு எடுத்தது, கரைந்திருந்த உப்பை அதனால் எடுக்க முடியவில்லை. அன்று எந்தச் சாயம் ஓடியதோ அந்த நிறத்தில் ஓடையும் ஓடியதைப் பார்த்துத்தான் எல்லோரும் பதறினோம். கண்ணுக்குத் தெரிந்த நிறத்தைவிட, தெரியாமல் கரைந்திருந்த உப்புதான் அதிகம் கெடுத்தது என்பது பிறகே புரிந்தது. சாயப்பட்டறைகளை மட்டும் குறை சொல்வதும் நேர்மையாகாது. கோவையும் திருப்பூரும் வளர வளர, இரு நகரங்களின் வீட்டுச் சாக்கடையும் அதே ஆற்றில்தான் இறங்கியது.

இந்தச் சூழலில்தான் 1990-களின் தொடக்கத்தில் ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடிக்கப்பட்டது. ஈரோடு, கரூர்ப் பகுதிகளில் பத்தாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்துக்குப் பாசனம் தருவது அதன் நோக்கம். மழைக்காலத்து வெள்ளத்தைப் பிடித்து வைக்கக் கட்டிய அணை, மற்ற மாதங்களில் திருப்பூரிலிருந்து வந்த கழிவைப் பிடித்து வைத்தது. நின்ற நீர் நிலத்தடியில் இறங்கியது. சுற்றுவட்டாரக் கிணறுகள் உப்பேறின. தென்னை காய்ப்பு குறைந்தது, மஞ்சளும் வாழையும் போட முடியாமல் போயின. ஆடுமாடுகள்கூட அந்தத் தண்ணீரைத் தொட மறுத்தன. காங்கேயம் காளைக்குப் பெயர்பெற்ற மண்ணில் இது சிறிய சேதி இல்லை. உப்பு நீர் பாய்ந்த வயலில் என்ன நடக்கும் என்பதை மண்ணியல் தெளிவாகச் சொல்கிறது. நீரில் உப்பின் செறிவு கூடினால் வேரால் அதை உறிஞ்ச முடியாது. ஈரம் இருந்தும் பயிர் வாடும். சோடியம் களிமண்ணில் ஏறியதும் கால்சியத்தை வெளியே தள்ளும், மண்ணின் கட்டுமானம் குலையும், தரை இறுகி மழைநீரையும் உள்ளே விடாது. கெட்ட தண்ணீர் தன்னோடு நிற்காமல், அடுத்து வரப்போகும் நல்ல தண்ணீருக்கும் வழியை அடைக்கிறது. அணையைத் திறக்காதே என்று சொன்ன உழவர்களுக்கு இந்த அறிவியல் பாடமாகத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தங்கள் வயலில் அதைக் கண்ணால் கண்டார்கள்.

இப்போது தண்ணீர்க் கணக்கு எழுதுபவர்களின் ஏட்டைப் பார்ப்போம். ஒரு நாட்டில் தலைக்கு ஆண்டுக்கு 1,700 கன மீட்டருக்குக் கீழே போனால் நீர் நெருக்கடி, 1,000 கன மீட்டருக்குக் கீழே போனால் பஞ்சம் என்பது ஸ்வீடன் நாட்டு நீரியல் அறிஞர் மாலின் ஃபால்கன்மார்க் வகுத்துத் தந்த அளவுகோல். உலகமெங்கும் அதையே பயன்படுத்துகிறார்கள். அதன்படி 1951-இல் இந்தியாவில் தலைக்கு 5,177 கன மீட்டர் இருந்தது, 2011-இல் அது 1,545 ஆகிவிட்டது. மக்கள்தொகை பெருகியதால் பங்கு குறைந்தது என்பதை இந்தக் கணக்கு நன்றாகவே காட்டுகிறது. ஆனால் பங்கில் எவ்வளவு குடிக்கத்தக்கது, எவ்வளவு பயிருக்கு ஆகும் என்பதை அது கேட்பதில்லை. இந்தக் கணக்கின்படி ஒரத்துப்பாளையத்தில் நின்றதும் தண்ணீர், சிறுவாணியில் நிற்பதும் தண்ணீர். அணையின் நீர்மட்டம் இத்தனை அடி, கொள்ளளவில் இத்தனை விழுக்காடு என்று நாள்தோறும் செய்தி வருகிறது. அந்த நீரின் தரம் இன்று என்ன என்று யாரும் படிப்பதில்லை. மண் விழுந்த சோற்றையும் பானைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு, வீட்டில் சோறு நிறைய இருக்கிறது என்று சொல்வதைப் போன்றது இது. அளவை மட்டும் எண்ணும் வரையில் நம் பஞ்சத்தின் உண்மையான ஆழம் நமக்குத் தெரியப்போவதில்லை.

கெடுதலையும் எண்ணில் சொல்ல முடியும். ஒரு லிட்டரில் 6,500 மில்லிகிராம் உப்பு கரைந்துள்ள கழிவை எடுத்துக்கொள்வோம். சாயக்கழிவுக்கு இது மிகையான அளவு இல்லை. ஆற்றில் இயல்பாக ஓடும் நீரில் 300 மில்லிகிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குடிநீருக்கு ஏற்ற அளவாக இந்தியத் தர நிர்ணயம் சொல்வது 500 மில்லிகிராம். அந்த ஒரு லிட்டர் கழிவை இந்த அளவுக்குக் கொண்டுவர 30 லிட்டர் நல்ல ஆற்றுநீர் வேண்டும். பள்ளிக்கூடக் கணக்குதான், யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டரை ஆற்றில் விட்டவர் ஒரு லிட்டரைத்தான் பயன்படுத்தினார் என்று எழுதிக்கொள்கிறார். உண்மையில் அவர் முப்பது லிட்டரின் தாங்கும் திறனைத் தின்றுவிட்டார். முப்பது லிட்டர் ஆற்றில் இல்லாத மாதத்தில், இருப்பதையெல்லாம் கெடுத்துவிட்டார். நெதர்லாந்து அறிஞர் ஆர்யன் ஹூக்ஸ்ட்ரா 2002-இல் முன்வைத்த நீர்த்தடம் என்ற கருத்தில், பின்னாளில் இந்த மறைவான செலவும் தனிப் பகுதியாகச் சேர்ந்தது. ஒரு பருத்திச் சட்டைக்குச் சுமார் 2,700 லிட்டர் என்று அடிக்கடி சொல்லப்படும் மதிப்பீட்டில், பருத்திக்குப் பாய்ச்சிய நீரோடு, வெளியேறும் கழிவின் வீரியத்தைக் குறைக்கத் தேவைப்படும் நீரும் அடக்கம். நொய்யலைப் போல ஆண்டில் பாதி நாள் வறண்டு கிடக்கும் ஆற்றில் அந்த நீர் எங்கிருந்து வரும்?

உலகக் கணக்கும் இதே பக்கம்தான் சாய்கிறது. பூமியிலுள்ள நீரில் ஏறத்தாழ 97.5 விழுக்காடு உப்புநீர். மிச்சமுள்ள இரண்டரை விழுக்காட்டில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பனிப்பாறைகளில் உறைந்திருக்கிறது, பெரும்பாலான மிச்சம் நிலத்தடியில் இருக்கிறது. நாம் கண்ணால் பார்க்கும் ஆறும் ஏரியும் உலக நன்னீரில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்தச் சிறு பங்கைத்தான் கழிவு ஏந்தும் பாத்திரமாக வைத்திருக்கிறோம். உலகில் உண்டாகும் கழிவுநீரில் 80 விழுக்காட்டுக்கும் மேல் போதிய சுத்திகரிப்பு இல்லாமலே இயற்கையில் கலக்கிறது என்று 2017-இல் வெளியான ஐ.நா. நீர் அறிக்கை மதிப்பிட்டது. இந்திய நகரங்களில் நாளொன்றுக்குச் சுமார் 7,200 கோடி லிட்டர் சாக்கடை நீர் உண்டாகிறது, அதில் உண்மையில் சுத்திகரிக்கப்படுவது சுமார் 2,000 கோடி லிட்டர்தான் என்கிறது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2021 கணக்கு. 2022-இல் பாதுகாப்பான குடிநீர் வசதி இல்லாமல் உலகில் 220 கோடிப் பேர் இருந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சொல்கின்றன. இவர்கள் எல்லோரும் பாலைவனத்தில் வசிப்பவர்கள் அல்லர். ஆற்றங்கரையிலும் குளக்கரையிலும் கிணற்றடியிலும் குடியிருந்துகொண்டு, அருகிலிருக்கும் தண்ணீரைக் குடிக்க முடியாதவர்கள் அவர்களில் ஏராளம்.

இந்த வாதத்துக்கு எதிராக முதலில் எழுவது விவசாயத்தைப் பற்றிய கேள்வி. உலகம் எடுக்கும் நன்னீரில் சுமார் 70 விழுக்காடு வேளாண்மைக்குப் போகிறது, இந்தியாவில் அந்தப் பங்கு இன்னும் அதிகம். அப்படியிருக்கச் சாயப்பட்டறையையும் வீட்டுச் சாக்கடையையும் பிடித்துக்கொண்டு பேசுவானேன், வயலில் பாயும் வெள்ளத்தைக் கட்டுப்படுத்தினால் போதாதா என்று கேட்கிறார்கள். பாசனத்தில் வீணடிப்பு இருக்கிறது, சொட்டுநீரும் பயிர் மாற்றமும் தேவை என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. உரமும் பூச்சிமருந்தும் நிலத்தடி நீரில் இறங்குவதால் வேளாண்மையும் கெடுக்கும் கூட்டத்தில் ஒன்றுதான் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் எடுக்கும் அளவை மட்டும் வைத்துப் பொறுப்பைப் பங்கிடுவது சரியாகாது. முப்பது லிட்டர் கணக்கை இங்கே மறந்துவிடக் கூடாது. குறைவாக எடுப்பவர் அதிகமாகக் கெடுக்க முடியும். நொய்யல் படுகையில் தொழில்துறை எடுத்த நீரின் அளவு பாசனத்தோடு ஒப்பிட்டால் சிறியது. அந்தச் சிறிய அளவுதான் ஓர் அணையின் பாசனத்தையே முடக்கியது. சொட்டுநீர் போடலாம் என்று அந்த உழவரிடம் சொன்னால், எந்தத் தண்ணீரைச் சொட்டவிடுவது என்று அவர் திருப்பிக் கேட்பார்.

இரண்டாவது மறுப்பு இயற்கையின் பெயரால் வருகிறது. பூமியிலுள்ள நீரின் மொத்த அளவு மாறுவதில்லை, கடல் ஆவியாகி மேகமாகி மழையாகப் பொழிகிறது, ஒவ்வோர் ஆண்டும் வானம் புது நீரைத் தருகிறது, ஆறு தானாகவே தன்னைக் கழுவிக்கொள்ளும் என்பது அந்த வாதம். ஓடும் நீரைப் பொறுத்தவரை இதில் உண்மை உண்டு. நல்ல மழை ஆண்டில் நொய்யல் பொங்கி ஓடி, நிறத்தையும் நுரையையும் அடித்துச் சென்றதை எல்லோரும் பார்த்தோம். அடித்துச் சென்ற உப்பு எங்கே போனது? காவிரியில் சேர்ந்தது, கீழே இருந்தவர்களுக்குப் போனது. அதுவும் போகாமல் தங்கிய உப்புதான் பெரிய சிக்கல். அணையின் அடியில் படிந்த வண்டலிலும், வயலின் களிமண்ணிலும், கொங்கு நாட்டுப் பாறை இடுக்குகளில் தேங்கும் நிலத்தடி நீரிலும் இறங்கிய உப்பை இரண்டு மழை கழுவிவிடாது. ஆற்றில் நீர் மாற நாட்கள் போதும், நிலத்தடியில் மாறப் பல ஆண்டுகள், சில இடங்களில் தலைமுறைகள் ஆகும். இயற்கை மறுபடி நிரப்பித் தருகிறது என்பது மெய்தான். நிரப்பும் பாத்திரத்தை நாம் கெடுத்து வைத்திருந்தால் அதனால் என்ன செய்ய முடியும்?

மூன்றாவதாக வருவது தொழில்நுட்பத்தின் மேல் வைக்கும் நம்பிக்கை. கடல்நீரைக் குடிநீராக்கலாம், தொலைவிலிருந்து குழாய் போட்டுக் கொண்டுவரலாம் என்கிறார்கள். திருப்பூர் இந்த இரண்டாவது வழியை முழுவதும் நடந்து பார்த்த ஊர். உள்ளூர்க் கிணறுகள் சாயத்துக்குக்கூட ஆகாத அளவுக்குக் கெட்டதும், சுற்றுக் கிராமங்களிலிருந்து லாரி லாரியாகத் தண்ணீர் வாங்கினார்கள். பிறகு ஆயிரம் கோடி ரூபாய் அளவிலான முதலீட்டில், பவானி ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம் 2005-06 வாக்கில் நடைமுறைக்கு வந்தது. தன் ஆற்றைக் கெடுத்த ஊர் பக்கத்து ஆற்றை விலைக்கு வாங்கியது. ஊருக்குள் வரும் தண்ணீர் கூடியது, அதனால் வெளியேறக்கூடிய கழிவும் கூடியது. கெடுக்கும் வழியை அடைக்காமல் புது நீரைக் கொண்டுவருவது கெடுவதற்கான சரக்கைக் கூட்டுவதே ஆகும். கடல்நீர் சுத்திகரிப்புக்கும் எல்லை இருக்கிறது. ஒரு கன மீட்டர் நன்னீருக்கு மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் செலவாகிறது, ஒரு பங்கு நன்னீர் கிடைக்கும்போது சராசரியாக ஒன்றரைப் பங்கு அடர் உப்புநீர் மிஞ்சுகிறது. கடற்கரை நகரத்துக்குப் பஞ்சகாலத்தில் அது கைகொடுக்கும், அதை நான் மறுக்கவில்லை. கடலிலிருந்து வெகுதூரத்தில் இருக்கும் ஊருக்கும், வயலுக்குப் பாய்ச்ச வேண்டிய உழவருக்கும் அது விடையாகாது. திருப்பூர்க் கழிவைக் குழாய் போட்டுக் கடலுக்கே அனுப்பிவிடலாம் என்றுகூட ஒரு காலத்தில் பேசினார்கள். ஓரிடத்துத் துன்பத்தை இன்னோர் இடத்து மீனவரின் தலையில் இறக்கிவைக்கும் யோசனை அது.

எல்லாவற்றிலும் கனமானது நான்காவது மறுப்பு. அது வயிற்றுப்பாட்டைப் பற்றியது. திருப்பூர் லட்சக்கணக்கானவர்களுக்குச் சோறு போடும் ஊர். மழை பொய்த்த தென்மாவட்டங்களிலிருந்தும், பின்னாளில் வட மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள் அங்கே பிழைத்தார்கள், பெண்கள் சொந்தக் கையில் சம்பளம் வாங்கினார்கள். ஆற்றைக் காப்பாற்றுகிறேன் என்று தொழிலை மூடினால் இவர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. இந்தக் கேள்வி வெறும் வாதமாக நிற்காமல் வாழ்க்கையிலேயே நடந்து முடிந்தது. நொய்யல் ஆயக்கட்டு உழவர்கள் தொடுத்த வழக்கில், கழிவு ஒரு துளியும் ஆற்றில் கலக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் தீர்ப்பளித்தது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே ஈடு தர வேண்டும் என்ற நெறியை உறுதிசெய்து மூன்று மாத அவகாசம் கொடுத்தது. அப்போதும் கழிவு நிற்காததால் 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்குப் பின் வந்த மாதங்களில் திருப்பூர் பட்ட பாட்டை அந்த வட்டாரத்தில் யாரும் மறக்கவில்லை. வேலை போனது, பலர் ஊர் திரும்பினார்கள், துணிகள் சாயமேற்ற வெளியூர்களுக்குப் போயின. அந்தத் துன்பம் மெய்யானது, அதைக் குறைத்துப் பேசுவது அநியாயம்.

ஆயினும் அந்தத் துன்பத்துக்குக் காரணம் ஆற்றைக் காக்கும் எண்ணம்தானா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். இருபது ஆண்டுகளாகச் சட்டையின் விலையில் சேர்ந்திருக்க வேண்டிய ஒரு செலவு சேர்க்கப்படாமலே இருந்தது. அந்தச் செலவு காணாமல் போய்விடவில்லை. அதை ஒரத்துப்பாளையத்துக்குக் கீழே இருந்த உழவர் தன் தென்னையில் கட்டினார், மாட்டில் கட்டினார், விற்க முடியாமல் போன நிலத்தின் மதிப்பில் கட்டினார். வெளிநாட்டுக் கடையில் மலிவாக வாங்கியவருக்கும் அது தெரியாது, வாங்கி விற்ற நிறுவனமும் அதைக் கேட்கவில்லை. தொழிலாளியின் சோற்றையும் உழவரின் சோற்றையும் எதிரெதிரே நிறுத்துவது, உண்மையில் அந்தச் செலவைக் கட்ட வேண்டியவர்களை மறைத்துவிடுகிறது. முதலாண்டிலிருந்தே கழிவைச் சுத்திகரிக்கக் கட்டாயப்படுத்தியிருந்தால் செலவு சிறுகச் சிறுகப் போயிருக்கும், வேலையும் நின்றிருக்காது. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-லேயே இருந்தது. சட்டத்தைத் தூங்கவைத்துவிட்டு, நோய் முற்றியபின் ஒரே நாளில் அறுவை செய்ததால்தான் அவ்வளவு ரத்தம் போனது.

மூடிய பட்டறைகள் பிறகு திறந்தன. எப்படித் திறந்தன என்பதுதான் கவனிக்க வேண்டியது. அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள், கழிவை வெளியே விடாத முறைக்கு மாறின. நுண்ணுயிர்களைக் கொண்டு கழிவைத் தெளியவைத்து, சவ்வூடு பரவல் முறையில் நீரைப் பிரித்து, மிஞ்சிய அடர்கரைசலைக் காய்ச்சி உப்பையும் மீட்டு, நீரையும் உப்பையும் மறுபடி சாயத்துக்கே பயன்படுத்துகிறார்கள். தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல் நீர் திரும்பக் கிடைக்கிறது. முடியவே முடியாது என்று இருபது ஆண்டு சொல்லப்பட்டது முடிந்தது. இதை வெற்றி முழக்கமாகச் சொல்ல நான் விரும்பவில்லை. இந்த முறைக்கு மின்சாரமும் எரிபொருளும் ஏராளமாகச் செலவாகின்றன, பிரிக்க முடியாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகத் தேங்குகிறது, சின்னப் பட்டறைக்காரர்கள் பலர் தாங்க முடியாமல் தொழிலை விட்டார்கள், கண்காணிப்பு தளர்ந்த இடங்களில் இரவோடு இரவாகக் கழிவைத் திறந்துவிடுவது இன்றும் நடக்கிறது. இவ்வளவு குறைகளுக்கு நடுவிலும் ஒன்று நிரூபணமாகியிருக்கிறது. பயன்படுத்திய தண்ணீர் வேறு, இழந்த தண்ணீர் வேறு. நமீபியாவின் தலைநகரான விந்தோக் 1968 முதல் தன் கழிவுநீரைச் சுத்திகரித்துக் குடிநீராகவே பயன்படுத்துகிறது. சிங்கப்பூர் 2003 முதல் நியூவாட்டர் என்ற பெயரில் அதையே செய்து தொழிற்சாலைகளுக்கும் நீர்த்தேக்கங்களுக்கும் தருகிறது. ஐரோப்பாவின் ரைன் ஆற்றில் 1986 நவம்பரில் பாசல் நகருக்கு அருகே ரசாயனக் கிடங்கு எரிந்து நஞ்சு கலந்து மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்தபின், கரையிலுள்ள நாடுகள் ஒன்றுகூடி அடுத்த ஆண்டே செயல்திட்டம் வகுத்தன. காணாமல் போயிருந்த சால்மன் மீன்கள் மெல்லத் திரும்பின. செத்த ஆறு செத்ததுதான் என்று கைவிடுவதற்கு இந்த அனுபவங்கள் இடம் தரவில்லை.

இதிலிருந்து சில முடிவுகள் தாமாகவே வருகின்றன. அணைகளின் நீர்மட்டத்தோடு நீரின் தரத்தையும் நாள்தோறும் மக்களுக்குச் சொல்ல வேண்டும். கெட்ட நீரை இருப்புக் கணக்கில் காட்டக் கூடாது. கழிவைப் பிறந்த இடத்திலேயே பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டும். ஆற்றில் கலந்தபின் முப்பது மடங்கு நீரோடு போராடுவதைவிட, கலக்கும் முன் ஒரு மடங்கோடு போராடுவது எளிது, மலிவு. நகரங்கள் புதிய குடிநீர்த் திட்டத்துக்குப் பணம் ஒதுக்கும்போது, அதனால் உண்டாகும் சாக்கடையைச் சுத்திகரிப்பதற்கும் அதே கோப்பில் பணம் ஒதுக்க வேண்டும். நூறு லிட்டர் குடிநீர் கொடுத்தால் அதில் எண்பது லிட்டர் சாக்கடையாக வெளியே வரும் என்பது பொறியாளர்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. தொழிற்சாலைகளுக்கு ஆற்றுநீரைத் தருவதற்கு முன் சுத்திகரித்த கழிவுநீரைத் தர வேண்டும். இவையெல்லாம் அரசும் தொழில்துறையும் செய்ய வேண்டியவை. குழாயை மூடு என்று வீட்டுக்காரருக்கு மட்டும் போதிப்பது போதாது.

அதற்காக வீடுகளுக்கு இதில் பங்கே இல்லை என்றாகாது. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்தில் குடிநீர் ஊருணிகளுக்கு ஊரே காவல் இருந்தது. அதில் துவைக்கக் கூடாது, கால் கழுவக் கூடாது, மாடு இறங்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டை மீறினால் ஊர் கேள்வி கேட்கும். மழை குறைந்த பூமியில் தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிப்பதற்கு முன்னால் அதைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும் ஒழுங்குதான் முதலில் வந்தது. ஒரு குடம் கூடுதலாக எடுத்தவரை ஊர் மன்னித்திருக்கலாம், ஊருணியில் அழுக்கை இறக்கியவரை மன்னித்திருக்காது. இன்று அந்த ஒழுங்கை ஓர் ஊரின் எல்லையிலிருந்து ஒரு படுகையின் எல்லைக்கு விரிக்க வேண்டியிருக்கிறது. மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குப் பதில் சொல்ல வேண்டும். எந்த ஆற்றிலிருந்து நம் குழாய்க்கு நீர் வருகிறது, நம் கழிவு எந்த ஆற்றில் போய்ச் சேர்கிறது, வழியில் அது எங்கே சுத்தமாகிறது என்ற மூன்று கேள்விகளை ஒவ்வொரு குடிமகனும் தன் உள்ளாட்சியிடம் கேட்கத் தொடங்கினால் பாதி வேலை நடக்கும். இந்த மூன்றில் கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத ஊர்கள்தான் நம்மில் அதிகம்.

வரும் ஆண்டுகளில் மழை இன்னும் ஒழுங்கு கெடும், வெப்பம் கூடும், மக்களும் பெருகுவார்கள். வானத்திலிருந்து விழும் அளவை நம்மால் கூட்ட முடியாது. விழுந்ததைக் கெடாமல் வைத்துக்கொள்வது முழுக்க முழுக்க நம் கையில் இருக்கிறது. தண்ணீர்ப் பஞ்சத்தில் நமக்குள்ள பொறுப்பில் பெரிய பங்கு இங்கேதான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆற்றில் கழிவை இறக்குபவர், அது தொழிற்சாலையானாலும் நகராட்சியானாலும், கீழே இருப்பவரின் தண்ணீரை எடுத்துக்கொண்டவர்தான். எடுத்ததற்குக் கணக்குக் கேட்பதைப் போலவே கெடுத்ததற்கும் கணக்குக் கேட்கும் நாடுதான் தன் பிள்ளைகளுக்கு நல்ல தண்ணீரை விட்டுச்செல்லும். நொய்யல் உழவர்கள் பல ஆண்டு நீதிமன்றம் ஏறி இறங்கிக் கேட்டது அந்தக் கணக்கைத்தான். அதை அவர்கள் மட்டுமே கேட்டுக்கொண்டிருக்க விடுவது நியாயமில்லை.